2000 வாட் கெட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கணக்கு ஓரளவு வரும், மின்சாரம் மட்டும் பிடிபடாது. போன வாரம் ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கினோம். அடியில் 2000 வாட் என்று போட்டிருக்கிறது. பழைய கெட்டில் 1000 வாட்தான். வேறு வேலையாக வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "இது டபுள் கரண்ட் இழுக்கும்மா, பில் எகிறிடும்" என்றார். மாப்பிள்ளையோ, "ரெண்டும் ஒண்ணுதான் அத்தை, விடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி? திருப்பிக் கொடுக்க இன்னும் 3 நாள்தான் இருக்கிறது. இதோடு இன்னும் இரண்டு சந்தேகம். "ஒரு வாட்னா எவ்வளவு பாட்டி, கையில காட்டு" என்று பேத்தி கேட்கிறாள், என்னால் காட்ட முடியவில்லை. அப்புறம், பவர் பேங்கில் 20000 என்றும் போனில் 5000 என்றும் போட்டிருக்கிறது. நான்கு முறை சார்ஜ் ஏற வேண்டுமே, ஏன் ஏறுவதில்லை?

பதில்: வணக்கம் அம்மா. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பில் எகிறாது. ஆனால் அதைச் செருகுகிற சாக்கெட்டை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி சரி, மாப்பிள்ளை சொன்னதும் கிட்டத்தட்ட சரி. குழப்பம் வந்தது 'கரண்ட்' என்ற சொல்லால். நாம் இந்த ஒரு சொல்லை எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறோம் பாருங்கள். 'கரண்ட் போயிடுச்சு' என்றால் சப்ளை இல்லை. 'கரண்ட் அடிச்சிடுச்சு' என்றால் ஷாக். 'கரண்ட் ரொம்ப ஆகுது' என்றால் மாதக் கணக்கு. ஆனால் தொழில் செய்கிறவர் வாயில் கரண்ட் என்றால் மின்னோட்டம், அதாவது கம்பியில் இந்த நொடி எவ்வளவு ஓடுகிறது என்பது மட்டும்தான். அதை ஆம்பியரில் அளப்போம். 2000 வாட் கெட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் இழுக்கும் என்பது உண்மை. அதை நீங்கள் 'கரண்ட் பில்'லில் வருகிற கரண்டாக எடுத்துக்கொண்டீர்கள். சொல்லப்போனால் அவரே அப்படித்தான் எடுத்துக்கொண்டார், இல்லாவிட்டால் பில்லைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

பள்ளிப் பாடநூல்கள் இதை ஒழுங்காகத்தான் பிரித்து வைத்திருக்கின்றன. வாட் அளப்பது திறன். யூனிட் அளப்பது ஆற்றல். பேச்சுக்கு வந்ததும் இரண்டையும் 'சக்தி', 'பவர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

சரி, இதற்கு மேல் நான் விளக்குவதைவிட நீங்களே கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது டிஜிட்டல் மீட்டராக இருந்தால், அதன் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண், அதை ஒட்டி 'இம்ப்' என்றும் 'கே.டபிள்யூ.எச்.' என்றும் இருக்கும். கே.டபிள்யூ.எச். என்பது கிலோவாட்-மணி, நாம் யூனிட் என்று சொல்வது அதைத்தான். 3200 என்று போட்டிருந்தால், விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஆகிவிட்டது என்று பொருள். பழைய மீட்டர்களில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே சுற்றுகளை எண்ண வேண்டும், விஷயம் ஒன்றுதான்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, புதிய கெட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். மாப்பிள்ளையை மீட்டர் பக்கம் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். விளக்கு படபடவென்று அடிக்கும், நிமிடத்துக்கு 107 முறை போல. நொடிக்கு இரண்டு என்பதால் எண்ணுவதே கொஞ்சம் சிரமம்தான். சுமார் 4 நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். இப்போது பழைய கெட்டிலில் அதே ஒன்றரை லிட்டர், அதே குழாய்த் தண்ணீர். விளக்கு நிதானமாக, நிமிடத்துக்கு 53 முறை அடிக்கும். ஆனால் 8 நிமிடம் ஆகும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 420 சிமிட்டலில் வந்து நிற்கும்.

விளக்கு சிமிட்டுகிற வேகம்தான் வாட். மொத்தம் எத்தனை முறை சிமிட்டியது என்பதுதான் யூனிட். பில் போடுகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள், வேகத்தை அல்ல. (வேகத்துக்கும் தனியாகக் கட்டணம் போடும் ஏற்பாடு உண்டு. அது பெரும்பாலும் ஆலைகள், பெரிய கட்டடங்களுக்கு.)

420 எங்கிருந்து வந்தது என்று கணக்கு தெரிந்தவர் கேட்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4190 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒன்றரை லிட்டரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 4.7 லட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு கொதிப்புக்கு 0.13 யூனிட். அதை 3200-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 420. தண்ணீருக்கு வேண்டியது அவ்வளவுதான். எந்தக் கெட்டில் கொடுத்தாலும் அது அவ்வளவைத்தான் வாங்கிக்கொள்ளும்.

மாப்பிள்ளை சொன்னது 'கிட்டத்தட்ட' சரி என்றேன். நிஜத்தில் எண்ணினால் இரண்டுமே 420-ஐத் தாண்டும். கெட்டிலின் உடம்பும் சூடாகிறது, சூடு வெளியேயும் போகிறது. பழையது 8 நிமிடம் எடுத்துக்கொள்வதால் அதில் கூடுதலாகச் சூடு வீணாகும். அதனால் இரண்டில் கொஞ்சம் சிக்கனமானது உங்கள் புதிய கெட்டில்தான். எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் இத்தனை பேரைக் குழப்புகிறது? பெயர் வைத்ததில் இருக்கிறது கோளாறு. தூரத்துக்குக் கிலோமீட்டர் என்று நேரான பெயர். வேகத்துக்கு 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று சொல்லும்போதே அது வேகம் என்று தெரிந்துவிடும். மின்சாரத்தில் இது தலைகீழ். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்ற வேகத்துக்கு 'வாட்' என்று தனிப்பெயர் கொடுத்துவிட்டார்கள். 'ஒரு நொடிக்கு' என்பது பெயருக்குள் ஒளிந்துகொண்டது. பிறகு மொத்த அளவைச் சொல்ல, அந்த வேகத்தோடு நேரத்தைப் பெருக்கிக் 'கிலோவாட்-மணி' என்றார்கள். கப்பலின் வேகத்தை 'நாட்' என்பார்கள் இல்லையா, அது போன தூரத்தை 'நாட்-மணி' என்று சொல்வது போல இது. வாட் என்ற பெயரை 1882-இல் முன்மொழிந்தவர் வில்லியம் சீமென்ஸ். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் இறந்து 63 ஆண்டுகள் கழித்து அவர் பெயரை வைத்தார்கள். ஜேம்ஸ் வாட் தன் எந்திரத்தை விற்கக் குதிரையோடு ஒப்பிட்டுக் கணக்குச் சொன்னார். நம் மோட்டார் பம்புகளில் இன்றும் இருக்கிற ஹெச்.பி. அதுதான். ஒரு ஹெச்.பி. 746 வாட்.

தமிழில் இதற்கு ரொம்பப் பொருத்தமான அளவை ஏற்கெனவே இருக்கிறது. சுவருக்கு வர்ணம் அடிக்கிற மேஸ்திரி பார்த்துவிட்டு, 'இது ஆறு ஆள் வேலை' என்பார். மூன்று பேர் இரண்டு நாள் வந்தாலும் சரி, ஆறு பேர் ஒரே நாளில் முடித்தாலும் சரி, கூலி ஆறு ஆளுக்குத்தான். இந்த நிமிடம் எத்தனை பேர் தூரிகையோடு நிற்கிறார்கள் என்பது வாட். மொத்தம் எத்தனை ஆள் வேலை என்பது யூனிட். உங்கள் புதிய கெட்டில் இரண்டு ஆளைக் கூட்டி வருகிறது, பழையது ஒருவரை. இரண்டு பேர் வந்ததால் கூலி இரட்டிப்பாகிவிடும் என்று பயந்தால், அவர்கள் பாதி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள் என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இங்கே என் மானக்கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களின் மின்செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். சேர்ந்த புதிதில் எழுதிய முதல் அறிக்கையில், 'இங்கே மணிக்கு 40 கிலோவாட் செலவாகிறது' என்று எழுதிவிட்டேன். என் மூத்த பொறியாளர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இது என்ன, முடுக்கமா?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அவர் கேட்டது நியாயம்தான். வாட்டே வேகம், அதற்கு முன்னால் 'மணிக்கு' என்று சேர்த்தால் வேகம் கூடுகிற வேகம் ஆகிவிடும். மின்நிலையத்தை எவ்வளவு விரைவாக உசுப்பி மேலே கொண்டுபோகலாம் என்று சொல்ல வேண்டுமானால் அது பொருந்தும், வீட்டுக் கணக்குக்குப் பொருந்தாது. இன்றும் செய்தியில் 'மணிக்கு இத்தனை மெகாவாட்' என்று படித்தால் அந்தச் சிவப்பு வட்டம் கண்ணுக்குள் வந்து போகும்.

அப்படியானால் வாட்டைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும், எந்தச் சாதனத்தில் என்பதுதான் கேள்வி. கெட்டில், வாட்டர் ஹீட்டர் எல்லாம் வேலை முடிந்தால் நின்றுவிடுகிற ரகம். அவற்றில் வாட் கூடினால் நேரம் குறையும், அவ்வளவுதான். மின்விசிறி, விளக்கு எல்லாம் நாம் அணைக்கும்வரை ஓடுகிற ரகம். 60 வாட் குண்டு பல்பு போட்டால் அறை சீக்கிரம் வெளிச்சமாகி பல்பு தானாக அணைந்துவிடாது. இந்த ரகத்தில்தான் ஒவ்வொரு வாட்டும் பில்லில் வந்து உட்காரும். ஃபிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாள் முழுக்கச் செருகியே இருந்தாலும், குளிர் போதுமானால் நிறுத்தி, குறைந்தால் மறுபடி ஓடும். அதனால் அதன் வாட்டை 24-ஆல் பெருக்கிப் பார்த்துப் பதறக் கூடாது.

உங்கள் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை கெட்டில் போட்டால் 0.39 யூனிட். 75 வாட் மின்விசிறி 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். மீட்டர் விளக்கு அந்த ஒற்றை விசிறிக்கு 15 நொடிக்கு ஒரு முறைதான் சோம்பேறித்தனமாகச் சிமிட்டும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் நாள் முடிவில் கெட்டிலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிட்டிருக்கும்.

ஒரு சிறிய அலுவலகத்தில் பில் கூடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் அவர்களே குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கெட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போடுவார்களாம், 1.3 யூனிட். சுற்றிப் பார்த்தால், யாரும் நுழையாத சாமான் அறையில் 60 வாட் குண்டு பல்பு மூன்று, இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தன. 180 வாட், 24 மணி நேரம், நாளுக்கு 4.3 யூனிட். அந்த அறையின் சுவிட்ச் வெளியே ஒரு அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதை அணைத்த அன்றே கெட்டிலுக்கு விடுதலை கிடைத்தது.

இப்போது சாக்கெட். எலெக்ட்ரீஷியன் தம்பியின் பேச்சில் நாம் காது கொடுக்க வேண்டிய பாதி இங்கேதான் இருக்கிறது. வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம், ஆம்பியர் என்பது ஓடுகிற ஓட்டம், இரண்டையும் பெருக்கினால் வாட். 230 வோல்ட் வருகிற வீட்டில் 1000 வாட் கெட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும், 2000 வாட் கெட்டில் 8.7 ஆம்பியர். (120 வோல்ட் வருகிற நாடுகளில் இதே 2000 வாட்டுக்கு 17 ஆம்பியர் ஆகிவிடும். அங்கே விற்கிற கெட்டில்கள் 1500 வாட்டோடு நின்றுகொள்வதன் காரணம் இதுதான்.) ஓட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகிற சூடு நான்கு மடங்காகும். ஆற்றலின் அலகுக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் ஜூல் 1840-களில் அளந்து சொன்ன விதி இது.

பழைய கெட்டிலைத் தாங்கிய சாக்கெட் புதியதைத் தாங்குமா என்று பார்க்க, அதன் மேல் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 9-க்குக் கீழே இருந்தால் அதில் போடாதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ அதே தம்பியைக் கூப்பிட்டுச் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தாலும் அவரையே பார்க்கச் சொல்வது நல்லது.

பேத்தியின் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு 100 கிராம் சோப்புக் கட்டியைக் கையில் கொடுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு, ஏறக்குறைய உங்கள் இடுப்பு வரைக்கும், ஒரு நொடியில் தூக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடி அவள் கையிலிருந்து சோப்புக்குப் போன திறன் ஒரு வாட். நொடிக்கு ஒரு முறை என்று ஒரு மணி நேரம் தூக்கினால் 3600 தடவை, அது ஒரு வாட்-மணி. ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் தடவை தூக்க வேண்டும். தூங்காமல் இடைவிடாமல் தூக்கினால் கிட்டத்தட்ட 42 நாள் ஆகும். ஒரு தடவை கெட்டிலைக் கொதிக்க வைக்க ஐந்தரை நாள். நான்கு நிமிடத்தில் அது முடிகிறதென்றால் சுவரிலிருந்து வருவது எவ்வளவு என்று அவளுக்கே புரியும்.

சோப்பு அலுத்துப்போனால் மாடிப்படிக்கு அழைத்துப் போங்கள். அவள் எடை 25 கிலோ, மாடி 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். எப்படி ஏறினாலும் உடம்பை மேலே கொண்டுபோக 735 ஜூல் வேண்டும். 10 நொடியில் ஏறினால் 73 வாட் சொச்சம், ஓடிப்போய் 5 நொடியில் ஏறினால் 147 வாட். கடிகாரத்தோடு கீழே நின்று நீங்கள் கணக்குப் போடுங்கள். அந்த 73 வாட் என்பது ஏறக்குறைய உங்கள் மின்விசிறி. இரவெல்லாம் ஒரு குழந்தை நிற்காமல் மாடி ஏறிக்கொண்டே இருந்தால்தான் அந்த விசிறி சுற்றும் என்று சொல்லிப் பாருங்கள். அறையை விட்டு வரும்போது அவளே சுவிட்சைத் தேடுவாள்.

பவர் பேங்க் விஷயம். அதன் மேல் இருக்கிற 20000 என்பது மில்லிஆம்பியர்-மணி, அதாவது 20 ஆம்பியர்-மணி. இது ஆற்றல் அல்ல. வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் ஆகும். உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட், ஆகவே 74 வாட்-மணி. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் அதுவும் இருக்கும். விமானத்தில் 100 வாட்-மணி வரை தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம் என்ற விதி இந்த எண்ணைப் பார்த்துத்தான். உங்கள் போனில் 5 ஆம்பியர்-மணி, 3.85 வோல்ட், சுமார் 19 வாட்-மணி. வகுத்தால் நான்குக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆனால் பவர் பேங்க் தன் 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தி அனுப்ப வேண்டும், போன் அதைத் திரும்ப இறக்கித் தன் பேட்டரியில் ஏற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் கொஞ்சம் சூடாக வீணாகிறது. சார்ஜ் ஏறும்போது இரண்டும் கையில் கதகதவென்று இருக்குமே, அந்தச் சூட்டில்தான் நான்காவது தடவை கரைந்துபோகிறது. மூன்று முறை ஏறினால் உங்கள் பவர் பேங்க் ஒழுங்கானதுதான். ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரு தடவை கொதிக்க வைக்க இந்தப் பவர் பேங்க் ஒன்று போதாது, கிட்டத்தட்ட இரண்டு வேண்டும். இதைப் பேத்தியிடம் கடைசியாகச் சொல்லுங்கள், முதலில் ஊகிக்கட்டும்.

மீட்டரில் எண்ணும்போது ஃபிரிட்ஜை அணைக்க மறக்காதீர்கள், நடுவில் ஓட ஆரம்பித்தால் எண்ணிக்கை கெட்டுவிடும். எண்ணி முடித்ததும் முதல் வேலையாக அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்து, மறுநாள் காலை சமையலறைத் தரை முழுக்கத் துடைத்தவன்.